மன்றத்து லெட்டர்பேடில் ஒரு மனு

திண்டிவனத்தில் மோட்டார் எரிந்துபோனால் ஜனங்கள் தேடி வருவது இருதயநாதன் கடையைத்தான். புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் மனுஷன் அவ்வளவு கெட்டிக்காரர். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரே ஒரு தடவை முகர்வார். வோல்டேஜ் இறங்கி எரிந்ததா, தண்ணீர் எட்டாமல் வெறுமனே சுற்றி எரிந்ததா என்று பட்டென்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சே கிடையாது. இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு இந்த ஆள் ஒரு விஷயத்தில் மட்டும் பத்தொன்பது வருஷம் ஏமாந்து கிடந்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நடிகர் சத்தியசீலன் விஷயத்தில் ஏமாந்தார்.

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டம் ஆக்கினார்களே, அந்த 1993ஆம் வருஷம்தான் அவருக்கும் பதவி வந்தது. மாவட்டம் பிரிந்தால் மன்றமும் பிரியவேண்டாமா? அதுவரை கடலூர்க்காரர்கள் கையில் இருந்த சத்தியசீலன் ரசிகர் மன்றம் இரண்டானது. திண்டிவனம் நகரத் தலைவராக வேணு வந்தார், செயலாளராக இருதயநாதன் வந்தார். வேணு மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர், தினமும் மீன் லோடோடு திண்டிவனம் வருகிறவர். புதுக் கலெக்டருக்கு மேசை நாற்காலி வந்து சேர்ந்ததோ இல்லையோ, மன்றத்துக்கு ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்பேடும் வந்துவிட்டன. லெட்டர்பேடின் இடது மூலையில் கைகூப்பிய சத்தியசீலன். அவருக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'அநீதி எங்கேயோ அங்கே நான்'.

இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே சத்தியசீலன் படத்தையும் போட்டு, மாப்பிள்ளை நேராகப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தர வெச்சுக்கப்பா. யாருன்னு நீயே முடிவு பண்ணு."

இருதயநாதனா முடிவு பண்ணுவார்? இரண்டு வகைப் பத்திரிகை அடித்துவிட்டார். சொந்தக்காரர்களுக்கு ஆண்டவர், மன்றத்தாருக்குத் தலைவர். மயிலம் பக்கத்திலிருந்து வாழ வந்த அமல்ராணிக்கு மூன்று மாசம் கழித்து பீரோவுக்கு அடியில் இந்த இரண்டாம் வகைக் கட்டு ஒன்று அகப்பட்டது. அன்றைக்கு ஆரம்பித்த கேலியை அந்த அம்மாள் நிறுத்தவேயில்லை.

ஆனால் ஒன்று, வெறும் சினிமாப் பைத்தியம் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. சண்டை போடுகிற, பாட்டுப் பாடுகிற நடிகர்கள் ஆயிரம் பேர் உண்டு. சத்தியசீலன் வாய் திறக்கிற நடிகர் என்பதுதான் இருதயநாதனுக்குப் பெருமை. வடக்கே எங்கோ பூகம்பம் வந்தால் சத்தியசீலன் கண்ணீர் அறிக்கை விடுவார். கடல் கடந்த தேசத்தில் யுத்தம் என்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்வார். ஆற்றுத் தண்ணீருக்காகச் சென்னையில் மேடை போட்டுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பட்டினி கிடப்பார். அன்றைக்கெல்லாம் இருதயநாதனும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கடையில் உட்கார்ந்து காயில் கட்டுவார்.

"அந்தாளு ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கினு பட்டினி. நீங்க மோட்டாரத் தூக்கிக்கினு பட்டினி. மயக்கம் போட்டு உழுந்தா அவரா வந்து தூக்குவாரு?" என்பாள் அமல்ராணி.

"வருவாருடி. நமக்குன்னு ஒண்ணு வந்தா மொத ஆளா வந்து நிப்பாரு. நீ பாரு."

இதை மனசறிந்து சொன்னார். அதுதான் பரிதாபம்.

அறிக்கை ஒவ்வொன்றையும் பேப்பரிலிருந்து வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பார். மன்றமும் சும்மா இருக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லையா, பள்ளிக்கூட வேளைக்குப் பஸ் வரவில்லையா, லெட்டர்பேடை எடு, எழுது, ஸ்டாம்பைக் குத்து என்று இருதயநாதன் கிளம்பிவிடுவார். கைகூப்பிய படத்தைப் பார்த்ததும் கிளார்க்குகள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், பாதி காரியம் நடந்தும்விடும். வெள்ளைத் தாளிலும் மனு எழுதலாம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடை திண்டிவனத்தில் என்றாலும் வீடு இலுப்பம்பாக்கத்தில். மயிலம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற மண், எண்பது அடி, நூறு அடியில் தண்ணீர். 2010இல் ஊர்க்கோடியில் ஒரு தண்ணீர்க் கம்பெனி வந்தது. 'பனிமுத்து' என்று பேர். கேன் கேனாக லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைத்ததே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், இருதயநாதனும்தான்.

அதற்கடுத்த கோடையில் பாஞ்சாலியின் மோட்டார் எரிந்தது. பாஞ்சாலி புருஷனை இழந்தவள், இரண்டு ஏக்கர் நிலத்தைத் தனி ஆளாக உழுது இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவள். கரண்ட் கண்ணாமூச்சி ஆடிய காலம் அது. அதனால் எரிந்திருக்கும் என்று முகர்ந்தும் பார்க்காமல் காயில் கட்டிக் கொடுத்தார். இரண்டே மாசத்தில் மறுபடியும் எரிந்தது. 2012 ஆடியில் மூன்றாவது தடவை அதே மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் இறக்கினாள்.

"அண்ணே, நீங்க கட்ற கட்டுல கொறையா, என் தலையெழுத்துல கொறையா? வெதச்ச மல்லாட்ட மொளச்ச மொளப்புலயே காயுது. இந்தத் தடவ போச்சுன்னா நெலத்தக் குடுத்துட்டுக் கெளம்ப வேண்டிதான்."

இருதயநாதன் கம்பியை முகர்ந்தார். தண்ணீர் எட்டாமல் சுற்றி எரிந்த வாசனை. கடையில் கிடந்த மற்ற மோட்டார்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். பதினொன்று, அத்தனையும் இலுப்பம்பாக்கம், அத்தனையிலும் அதே வாசனை.

"எத்தினி பைப்பு எறக்கிக்கிற பாஞ்சாலி?"

"மின்ன அஞ்சு பைப்பு. இப்ப பதிமூணு. அப்பவும் எட்ல."

ஒரு பைப் இருபது அடி. நூறு அடியில் கிடந்த தண்ணீர் இரண்டு வருஷத்தில் இருநூற்று அறுபதிலும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும், லாரியில் அல்லவா போகிறது! கம்பியைக் கீழே எறிந்தார். ஆனால் அடுத்த நிமிஷமே முகம் மலர்ந்தது பாருங்கள், அதுதான் இருதயநாதன். ஏன் மலர்ந்தது? போன மாசம்தான் பனிமுத்து விளம்பரம் ஊரெங்கும் ஒட்டியிருந்தார்கள். ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் ஏந்திச் சிரிப்பது யார்? சாட்சாத் சத்தியசீலன்.

"கவலப்படாத தங்கச்சி. அந்தக் கம்பெனிக்காரன் நம்ம தலைவரு பேச்சத் தட்டவே மாட்டான். தலைவரு காதுக்கு விஷயம் போனாப் போதும், ஒரு வார்த்தையில முடிச்சிடுவாரு."

நல்ல மனுஷனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும். வேறு யாராக இருந்தாலும் விளம்பரத்தைப் பார்த்ததும் உஷாராகியிருப்பார்கள். இவரோ லெட்டர்பேடை எடுத்தார், எழுதினார், ஸ்டாம்பைக் குத்தினார். 'எங்கள் அன்புத் தலைவர் விளம்பரம் செய்யும் கம்பெனியே எங்கள் தண்ணீரை உறிஞ்சுவதை அவர் ஒருபோதும் பொறுக்கமாட்டார்' என்று கடைசியில் ஒரு வரி வேறு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வேணுவோடும் பாஞ்சாலியோடும் விழுப்புரம் போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுத்தார். நகல் ஒன்று தலைவருக்குத் தபாலில் போனது.

வரிசையில் நின்ற ஒரு நிருபர் லெட்டர்பேடைப் பார்த்துவிட்டார், விடுவாரா? மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: 'சத்தியசீலன் விளம்பரம் செய்யும் தண்ணீர்க் கம்பெனி மீது அவரது மன்றமே புகார்'.

இருதயநாதன் அதையும் வெட்டிச் சுவரில் ஒட்டினார். அன்று மாலையே சென்னையிலிருந்து போன் வந்தது. தலைவர் ஆபீஸில் இருந்து, உடனே வரச்சொல்லி!

"நான் சொன்னேன்ல?" என்று அமல்ராணியிடம் துள்ளினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, ஐந்து கிலோ மல்லாட்டையைப் பையில் கட்டிக்கொண்டு வேணுவோடு பஸ் ஏறினார்.

சென்னையில் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை உட்காரவைத்தார்கள். அப்புறம் மேனேஜர் ராஜாமணி கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். புகார் தவறுதலாக எழுதப்பட்டது, வாபஸ் வாங்குகிறோம் என்று அதில் அடித்திருந்தது.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

இருதயநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சார், தப்பு இல்லைங்க சார். நெசமாவே தண்ணி இல்ல. தலைவரு ஒரு வார்த்த சொன்னாருன்னா..."

"சார் இந்த விஷயத்துல கருத்து சொல்றதில்லை."

"எல்லாத்துக்கும் சொல்றாருங்களே சார்."

ராஜாமணி சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட்டார். "யோவ், அதெல்லாம் தூரத்துல நடக்கிறது. பேசினா நல்ல பேரு, ஒரு நஷ்டமும் இல்லை. இதுல அக்ரிமென்ட் இருக்குய்யா."

அந்த நேரம் வாசலில் சத்தியசீலன் காரில் ஏற வந்தார். இருதயநாதன் ஓடினார். "தலைவரே, திண்டிவனம்! இலுப்பம்பாக்கம் தண்ணி விஷயம்..." சத்தியசீலன் அவர் தோளில் கை போட்டு, யாரோ நீட்டிய கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தார். "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

கையெழுத்துப் போடாமல் இரண்டு பேரும் ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் வேணு வாயிலிருந்து வந்தவற்றை நான் இங்கே எழுதமுடியாது. இருதயநாதன் மடியில் மல்லாட்டைப் பை கட்டுப் பிரியாமல் கிடந்தது. மூன்றாம் நாள் பேப்பரில் சத்தியசீலனின் அறிக்கைகள் இரண்டு வந்தன. ஒன்று, எங்கோ பனிமலை உருகிக் குடிதண்ணீர் இல்லாமல் தவிக்கும் மக்களுக்காக உள்ளம் உருகி எழுதியது. இன்னொன்று சின்னதாக, ஓரத்தில், அவர் கையெழுத்தோடு: 'இலுப்பம்பாக்கம் பிரச்சினைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் பெயரைத் தவறாகப் பயன்படுத்திய திண்டிவனம் மன்றம் கலைக்கப்படுகிறது.'

உச்சி வெயிலில் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து இருதயநாதன் அழுதார். ஆமாம், நாற்பத்தைந்து வயது ஆம்பளை விக்கி விக்கி அழுதார். சினிமாக்காரனுக்காகவா அழுவது என்று சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் நம்பியது பொய் என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பாஞ்சாலியிடம் கொடுத்த வாக்கு வேறு நெஞ்சைக் குத்தியது.

சாப்பாடு கொண்டுவந்த அமல்ராணி ஷட்டரைத் தட்டி உள்ளே வந்தாள். பேப்பரைப் படித்தாள். கேலி பண்ணுவாள் என்று பயந்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவளுக்கு வந்தது கோபம்.

"கலைக்கிறதுக்கு இவன் யாருங்க? மன்றம் வெச்சது நீங்க. ரத்தம் குடுத்தது நீங்க. பஸ்ஸு உட வெச்சது நீங்க. இவன் ஒரு நாளாவது திண்டிவனத்துக்கு வந்து பச்சத் தண்ணி குடிச்சிருப்பானா? நாப்பது பேரு கூட நிக்கிறாங்க, அவன் படம் இல்லன்னா நிக்க மாட்டாங்களா? எந்திரிங்க, மொதல்ல சோத்தத் துண்ணுங்க."

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் சுவரில் ஒட்டியிருந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுரண்டி எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் வேணுவுக்குப் போன் போட்டார்.

மன்றத்துக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று ஏளனமாகக் கேட்பவர்கள் உண்டு. நான் சொல்கிறேன். ஒரே விடியற்காலையில் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டத் தெரியும். கயிறு கட்டி ஆயிரம் பேரை நசுங்காமல் தியேட்டருக்குள் அனுப்பத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனில் பர்மிஷன் வாங்கவும், மைக் செட்டை நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கவும் தெரியும். இத்தனை நாள் அந்தத் திறமையெல்லாம் ஒருத்தன் கட்டவுட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அக்டோபர் இரண்டு, கிராமசபை. வருஷா வருஷம் பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகிற கூட்டம் அது. அந்த வருஷம் மன்றத்தார் நாற்பத்து மூன்று பேரும் முதல் நாள் முதல் காட்சிக்கு வேலை செய்கிற மாதிரி இறங்கினார்கள். ஆட்டோவில் மைக் கட்டி வேணு தெருத்தெருவாகக் கத்தினார்: "எரிஞ்ச மோட்டார எடுத்துக்கினு வாங்க! வெறுங்கையோட வராதீங்க!"

வந்தார்கள் ஐயா! மாட்டு வண்டியில், டிராக்டரில், சைக்கிளில், தலையில் வைத்து. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் இருதயநாதன் மோட்டார்களை வரிசையாக நிறுத்திவைத்தார். முப்பத்தேழு கருகிய மோட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் சொந்தக்காரக் குடும்பம். பாஞ்சாலி மைக்கைப் பிடித்தாள். எந்த வருஷம் எத்தனை பைப் இறக்கினோம் என்பதை ஒவ்வொருத்தரையும் எழுந்து சொல்லவைத்தாள். கம்பெனி பக்கம் சாய்ந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கம்பெனியைச் சோதனை போடவேண்டும் என்ற தீர்மானத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். நடிகன் பேர் அடிபட்ட ஊர் என்பதால் டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். சத்தியசீலன் விட்ட அறிக்கை அந்த ஒரு வகையில் உதவிவிட்டது.

மறுவாரம் சப் கலெக்டர் அம்மாள் கம்பெனிக்குச் சோதனைக்கு வந்தார். இலுப்பம்பாக்கமே கேட்டுக்கு வெளியே நின்றது. மெக்கானிக் என்று சொல்லி இருதயநாதனை மட்டும் உள்ளே விட்டார்கள்.

"எங்களுக்கு அனுமதி அஞ்சு ஹெச்பி. இருக்கிறதும் அஞ்சு ஹெச்பிதான் மேடம். தகட்டைப் பாருங்க," என்று கம்பெனி ஆள் ஸ்டார்ட்டர் பெட்டியில் தைத்திருந்த தகட்டைக் காட்டினான். தகட்டில் ஐந்து என்றுதான் இருந்தது. மோட்டாரோ அறுநூறு அடிக்குக் கீழே, யார் இறங்கிப் பார்ப்பது? அந்த அம்மாள் பேனாவைத் திறந்து எழுதப்போனார்.

இருதயநாதன் முன்னால் வந்தார். இங்கே விட்டால் பாஞ்சாலி நிலம் போய்விடும். "மேடம், ஒரு நிமிஷம். மோட்டார ஓடவுடச் சொல்லுங்க." தன் தோள்பையிலிருந்து டாங் டெஸ்டரை எடுத்தார். கரண்ட் போகிற வயரைக் கவ்விப் பிடித்து எத்தனை ஆம்பியர் என்று காட்டுகிற கருவி அது. "அஞ்சு ஹெச்பி மோட்டாரு எட்டு ஆம்பியருக்கு மேல இழுக்காதுங்க மேடம். இழுத்தா எரிஞ்சிடும். தகட்ட மாத்தலாம், கரண்ட மாத்த முடியாது. நீங்களே பாருங்க."

கம்பெனி ஆள் கரண்ட் இல்லை என்றான். எங்கே இல்லை? தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டார்கள். டெஸ்டரை வயரில் மாட்டி அந்த அம்மாள் கண்ணுக்கு நேரே பிடித்தார். முப்பத்தெட்டு ஆம்பியர்.

"அப்படின்னா?" என்றார் அவர்.

"இருபத்தஞ்சு ஹெச்பி மேடம். இது மாதிரி இன்னும் மூணு இருக்குது. வாங்க, அதையும் காட்டுறேன்."

நாலையும் காட்டினார். சாயங்காலத்துக்குள் கேட்டில் சீல் வைத்தாகிவிட்டது. வெளியே வந்தவரை மன்றத்தார் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "இறக்குங்கடா, பேஜாரு பண்ணாதீங்க, டெஸ்டரு உழுந்துடும்!" என்று அவர் கத்தினாலும் யாரும் இறக்கவில்லை. அமல்ராணி தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழையும் கைவிடவில்லை. தை மாசம் பாஞ்சாலி நிலத்தில் புதுக்காயில் கட்டிய மோட்டாரை எட்டே பைப்பில் இறக்கினார்கள். மறுபடி உழுது மல்லாட்டை விதைத்திருந்தாள். காலை ஒன்பது மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் போடவேண்டும். ஊரே வரப்பில் நின்றது. அந்த நேரம் பார்த்து இருதயநாதனின் செல்போன் அடித்தது.

"நாதன், ராஜாமணி பேசறேன்," என்றது சென்னைக் குரல், அவ்வளவு தேன் ஒழுக. "கங்கிராட்ஸ்யா! டிவியில பார்த்தோம். அந்தக் கம்பெனியோட அக்ரிமென்ட் முடிஞ்சிருச்சு. சார் உங்க ஊருக்கு வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஒரு வெற்றி விழா, சார் ஒரு அரைமணி நேரம் தண்ணீர் உரிமை பத்திப் பேசுவாரு. மேடை, மாலை மட்டும் நீங்க பாத்துக்கங்க. மன்றத்தைத் திரும்பச் சேர்த்தாச்சு. நீதான் இனி மாவட்டச் செயலாளர், என்ன சொல்ற?"

பக்கத்தில் நின்ற வேணுவுக்கு எல்லாம் கேட்டது. சொல்லக்கூடாது, ஒரு வினாடி அவர் முகத்திலேயே ஆசை தெரிந்தது. மாவட்டப் பதவி என்றால் சும்மாவா! இருதயநாதன் அவரைப் பார்த்தார், வரப்பு நெடுக நின்ற ஜனங்களைப் பார்த்தார். ஸ்விட்ச் போர்டில் கை வைத்துக் காத்திருந்த பாஞ்சாலிக்குத் தலையை ஆட்டினார். அவள் போட்டாள். பைப் ஒரு தடவை செருமியது, காற்றைத் துப்பியது, அப்புறம் செம்மண் கலந்த தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஹலோ, நாதன்? லைன்ல இருக்கியா? சாருக்கு என்ன சொல்லட்டும்?"

"சாரு மேல ஒரு கொறையும் இல்லைங்க," என்றார் இருதயநாதன் நிதானமாக. "இலுப்பம்பாக்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறாரு. அவரு விட்ட அறிக்கையிலயே அது ஒண்ணுதாங்க நெசம். அத நாங்க மீற மாட்டோம். வெச்சிடட்டுங்களா சார்? இங்க தண்ணி வந்துக்கினு இருக்குது."